லேபிளை உரித்துக் காட்டுங்கள், சூத்திரம் தானே வரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஈசூனில் வசிக்கும் ஓய்வுபெற்ற பெயிண்டிங் சூப்பர்வைசர். முப்பது வருடத்துக்கும் மேலாக முதலில் கப்பல் பட்டறைகளிலும் அப்புறம் ஜூரோங் தீவில் எண்ணெய்த் தொட்டிகளிலும் வேலை பார்த்தவன். உருளையின் புறப்பரப்பு என்பது எனக்குப் பாடப்புத்தகக் கணக்கு மட்டும் இல்லை, இத்தனை வருடம் என் குடும்பத்துக்குச் சோறு போட்ட கணக்கு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், இடமிருந்தால் முழுதாகப் போடுங்கள்.

போன வாரம் உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் பேத்தி ஒரு கணக்குத் தேர்வுத் தாளோடு வந்தாள். மேலே திறந்திருக்கும் உருளை வடிவப் பாத்திரம், ஆரம் 14 செ.மீ., உயரம் 30 செ.மீ., வெளிப்பக்கம் முழுவதும் பெயிண்ட் அடிக்க வேண்டும், எவ்வளவு பரப்பு? இதுதான் கேள்வி. அவள் எழுதியிருந்த விடை 3,872 சதுர செ.மீ. சரியான விடை 3,256. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 616, அதாவது சரியாக ஒரு மூடியின் அளவு. "மேலே திறந்திருக்கிறது என்று கேள்வியிலேயே போட்டிருக்கிறதே கண்ணு, அந்த மூடி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். "ஃபார்முலாவில் இரண்டு இருக்கு தாத்தா" என்றாள்.

அன்று இரவு அந்தப் பதிலை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். அவள் கணக்கில் மோசமான பிள்ளை இல்லை. பெருக்கல் சரி, பைக்கு 22/7 போட்டது சரி, அலகுகூடச் சரியாக எழுதியிருந்தாள். அவள் போகும் துணைப்பாட நிலையத்தில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள், பிளாஸ்டிக் உறை போட்டு, இரண்டு பக்கமும் சூத்திரங்கள். உருளைக்கு நேராக 'இரண்டு பை ஆர் ஸ்குவேர், கூட்டல் இரண்டு பை ஆர் ஹெச்' என்று இருக்கிறது (ஆர் என்பது ஆரம், ஹெச் என்பது உயரம்). தப்பில்லை, மூடியும் அடியும் உள்ள முழு உருளைக்கு அதுதான் சூத்திரம். ஆனால் அந்த இரண்டு எதற்கு, அந்த ஸ்குவேர் எங்கிருந்து வந்தது என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் கேட்கவில்லை. அந்த நிலையத்தை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரு இடத்தில் மட்டும் நடப்பது இல்லை. எங்கள் புளோக்கில் இருக்கும் பிள்ளைகள் பலரிடம் இதே மாதிரி அட்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

பாடத்திட்டத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். முதலில் கையில் தொட்டுப் பார், அடுத்துப் படமாக வரை, கடைசியில்தான் குறியீடு என்ற வரிசை நம் நாட்டுக் கணக்குப் பாடத்தில் 1980களிலிருந்தே இருக்கிறது, வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துப் படித்துவிட்டுப் போகிற அளவுக்கு அதற்குப் பேர் இருக்கிறது. பள்ளி ஆசிரியர் வகுப்பில் காட்டியும் இருப்பார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் தேர்வுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது என்கிற பதற்றத்தில் நாம் தொடுவதையும் விட்டுவிடுகிறோம், வரைவதையும் விட்டுவிடுகிறோம், அட்டையை மட்டும் கையில் கொடுத்துவிடுகிறோம். நம்முடைய அவசரம்தான் காரணம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஏனென்றால் பேத்தி அந்த அட்டையை வைத்துப் படித்ததை நானும் இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மறுநாள் காலையில் தே தாரே போட்டு முடித்த கெட்டிப்பால் டின் ஒன்றைக் கழுவி வைத்தேன். அவள் பள்ளியிலிருந்து வந்ததும் நூல்கண்டு, ஸ்கேல், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, "இந்த டின்னைச் சுற்றி நூலை ஒரு சுற்றுச் சுற்றி அளந்து சொல்லு" என்றேன். 23 செ.மீ. வந்தது. குறுக்கே விட்டம் 7.3. உயரம் 7.7. "23ஐ 7.3ஆல் வகுத்துப் பாரு." 3.15 வந்தது. அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "இதுதான் பையா தாத்தா?" என்று கேட்டாள். கால்குலேட்டரில் ஒரு பொத்தானாகவே அவள் அதுவரை பார்த்திருந்த எண். நூலையும் ஸ்கேலையும் வைத்து அளந்ததில் 3.14க்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிய விஷயம்.

அப்புறம் லேபிளை உரிக்கச் சொன்னேன். டின்னின் காகிதத்தை ஒட்டின இடத்தில் நகத்தால் கீறி இழுத்தால் அப்படியே வந்துவிடும், மேசையில் விரித்து வைத்தால் அது ஒரு செவ்வகம், அவ்வளவுதான். அதன் நீளம் என்ன? நூல் சொன்ன அதே 23. அகலம்? டின்னின் உயரம், 7.7. ஒட்டுவதற்கு விட்டிருந்த ஓரத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டோம். 23ஐ 7.7ஆல் பெருக்கினால் 177 சதுர செ.மீ. இதுதான் வளைபரப்பு. 'இரண்டு பை ஆர் ஹெச்' என்று அட்டையில் இருப்பது இந்தக் காகிதம்தான், இரண்டு பை ஆர் என்பது நூல், ஹெச் என்பது உயரம். வளைந்த பரப்பு என்று சொன்னதும் பிள்ளைகள் ஏதோ கஷ்டமான விஷயம் என்று நினைக்கிறார்கள். ஒரு பக்கமாக மட்டும் வளைந்தது என்பதால் அதைக் கிழியாமல், சுருங்காமல் தட்டையாக விரித்துவிடலாம். பந்தை அப்படி விரிக்க முடியாது, ஆரஞ்சுத் தோலை மேசையில் வைத்து அழுத்தினால் கிழிந்துவிடும். உருளை கொடுத்து வைத்த வடிவம் என்று நான் எப்போதும் சொல்வேன்.

இனி மூடி. இங்கேதான் எனக்கு என் பழைய கணக்கு வாத்தியார் நினைவு வந்தது. நான் தமிழில் கணக்குப் படித்தவன். 1982ல் மூடும் வரை உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி ஒன்றுதான் இங்கே தமிழில் பாடம் சொல்லிக் கொடுத்த உயர்நிலைப் பள்ளி, அங்கே படித்தேன். வட்டத்தின் பரப்புக்கு வாத்தியார் முதலில் பை ஆர் ஸ்குவேர் சொல்லவில்லை. 'வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி' என்றார். கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் வருகிற வரி. வட்டத்தரை என்றால் சுற்றளவில் பாதி, விட்டத்தரை என்றால் விட்டத்தில் பாதி, தாக்குவது என்றால் பெருக்குவது, குழி என்பது பரப்பு. ஆரியபட்டரும் 499லேயே இதையேதான் வடமொழியில் சொல்லியிருக்கிறார் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். நம் டின்னுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 23ல் பாதி 11.5, 7.3ல் பாதி 3.65, பெருக்கினால் 42 சதுர செ.மீ. பையும் வேண்டாம், ஸ்குவேரும் வேண்டாம், நூலும் ஸ்கேலும் போதும்.

"அது ஏன் அப்படி வருது?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டியிருந்தது. ஒரு பழைய செய்தித்தாளில் 23 செ.மீ. நீளமும் 3.65 அகலமும் உள்ள ஒரு பட்டையை வெட்டினேன். பட்டையின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் 1 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து (கீழ்ப் புள்ளிகள் மேல் புள்ளிகளுக்கு நடுவில் வர வேண்டும்), ரம்பப் பல் மாதிரி மேலும் கீழுமாகக் கோடு போட்டு வெட்டச் சொன்னேன். மேலே பார்த்த பற்கள் ஒரு குவியல், கீழே பார்த்த பற்கள் இன்னொரு குவியல் (ஓரத்தில் அரைப் பல் ஒன்று வரும், அதன் ஜோடி மறு ஓரத்தில் இருக்கும், இரண்டையும் சேர்த்து ஒட்டிக்கொள்ள வேண்டும்). ஒரு குவியலில் இருக்கும் பற்களின் முனைகளை எல்லாம் ஒரே புள்ளியில் சேர்த்துச் சுற்றி அடுக்கினாள், பீட்சா துண்டு மாதிரி. வட்டம் வந்தது. டின்னின் மேல் வைத்தாள், மூடி மாதிரியே உட்கார்ந்தது. மற்றக் குவியலும் அதே மாதிரி அடிப்பக்கத்துக்கு. வெட்டின பற்களின் அடி நேராக இருப்பதால் உண்மையில் அது 23 பக்கமுள்ள பலகோணம்தான், பல்லை இன்னும் மெலிதாக வெட்ட வெட்ட வட்டத்துக்கு இன்னும் நெருங்கும், அதையும் சொன்னேன்.

இதில் ஒரு அழகு இருக்கிறது, கவனித்தீர்களா? மூடி இரண்டும் சேர்ந்து ஒரு பட்டை. அந்தப் பட்டையின் நீளமும் 23, லேபிளின் நீளமும் 23. அப்படியென்றால் பட்டையை லேபிளின் மேல் ஓரத்தில் ஒட்டி வைத்தால் ஒரே பெரிய செவ்வகம் ஆகிவிடும். நீளம் டின்னின் சுற்று, அகலம் உயரமும் ஆரமும் சேர்ந்தது. 7.7ம் 3.65ம் 11.35. அதை 23ஆல் பெருக்கினால் 261 சதுர செ.மீ. ஒரு டின்னின் மொத்தப் புறப்பரப்பு ஒரே பெருக்கலில் முடிந்துவிட்டது! சுற்றை, உயரமும் ஆரமும் கூட்டி வருவதால் பெருக்கு. பேத்தியின் அட்டையில் இருந்ததும் இதுதான், 'இரண்டு பை ஆர்' என்பதை வெளியே எடுத்தால் உள்ளே 'ஆர் கூட்டல் ஹெச்' நிற்கும். ஆனால் அட்டையைப் பார்த்துப் படித்த வரைக்கும் அது வெறும் எழுத்து, மேசையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அது டின்னாகத் தெரிந்தது. மூடி ஒன்றுதான் என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பட்டையில் பாதியை எடுத்துவிடுவேன் என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளே சொன்னாள். அடுத்த நிமிடமே தேர்வுத் தாளை எடுத்து, 88ஐ 37ஆல் பெருக்கி 3,256 என்று எழுதினாள். 14 செ.மீ. ஆரத்துக்குச் சுற்று 88, உயரம் 30, ஒரு மூடிக்கு ஆரத்தில் பாதி 7.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. சாதாரண நிலைத் தேர்வுத் தாளின் முதல் பக்கங்களில் ஒரு சூத்திரப் பட்டியல் கொடுப்பார்கள், கூம்பின் வளைபரப்பு அதில் இருக்கும், கோளத்தின் பரப்பு இருக்கும், உருளையுடையது இருக்காது. ஏன் இருக்காது என்றால் அது பிள்ளை தானே கண்டுபிடித்துக்கொள்ளக் கூடியது என்பதால்தான் என்று நான் நினைக்கிறேன். செவ்வகமும் வட்டமும் தெரிந்தால் உருளை தெரிந்த மாதிரிதான், அந்த இரண்டையும் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே படித்து முடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒன்றை நாம் ஏன் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்க வேண்டும்?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பட்டறையில் ஆறு இஞ்சுக் குழாய் 200 மீட்டருக்கு மணல் அடித்துச் சுத்தம் செய்து, முதல் பூச்சான பிரைமர் பூச வேண்டும், பெயிண்ட் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டு ஸ்டோருக்குச் சீட்டு எழுதுவது என் வேலை. ஆறு இஞ்சு என்றால் 152 மி.மீ. என்று விட்டத்தை எடுத்து, பையால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 96 சதுர மீட்டர் என்று எழுதிக் கொடுத்தேன். சூத்திரம் சரிதான். ஆனால் ஆறு இஞ்சு என்பது குழாய்க்கு வைத்த பெயர், அதன் வெளி விட்டம் 168.3 மி.மீ. உண்மைப் பரப்பு 106 சதுர மீட்டர். சாயங்காலம் கடைசி 19 மீட்டர் குழாய் பிரைமர் இல்லாமல் வெறும் இரும்பாக நின்றது. நம் ஊர் ஈரக் காற்றில் மணல் அடித்த இரும்பை இரவு முழுக்க அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். காலையில் துரு மஞ்சளாக ஏறியிருந்தது, மறுபடி மணல் அடிக்க வேண்டியதாயிற்று. கம்ப்ரெசர் வாடகை, மணல், நான்கு பேர் கூலி, எல்லாம் வீண். என் ஃபோர்மன் சத்தம் போடவில்லை. ஒரு டேப்பைக் கையில் கொடுத்து, "இனிமே குழாயைச் சுத்தி அளந்துட்டு வந்து எழுது தம்பி" என்றார். அன்றிலிருந்து விட்டத்தைக் கேட்டு எழுதியதே இல்லை, சுற்றைத்தான் அளப்பேன். பேத்தியிடம் முதலில் நூலைக் கொடுத்ததற்கும் அதுதான் காரணம்.

பெயிண்ட் கணக்கே பரப்புக் கணக்குதான். பெயிண்ட் டின்னின் மேல் திடப்பொருள், அதாவது காய்ந்த பிறகு மிஞ்சும் பாகம், இத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள், 60 சதவீதம் என்று வையுங்கள், காய்ந்த பிறகு 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, கனம் வேண்டும் என்றால் ஒரு லிட்டர் அதிகபட்சம் 6 சதுர மீட்டருக்கு வரும், காற்றில் பறப்பது, டின்னில் ஒட்டுவது எல்லாம் போக அதைவிடக் குறைவாகத்தான் வரும். அந்த 6ஆல் எதை வகுப்பது? பரப்பை. பரப்புத் தப்பு என்றால் மற்றது எல்லாமே தப்பு.

அதனால் என் தொழிலில் சூத்திரத்தைவிட முக்கியமான ஒரு கேள்வி உண்டு, எந்தப் பரப்பு? 20 மீட்டர் விட்டம், 12 மீட்டர் உயரம் உள்ள ஒரு எண்ணெய்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே பெயிண்ட் அடிக்கிறோம் என்றால் சுவர் 754 சதுர மீட்டர், கூரை 314, மொத்தம் 1,068. அடித்தகடு அஸ்திவாரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, தொட்டி நிற்கும்போது அதன் வெளிப்பக்கத்தை யாரும் தொட முடியாது, அது கணக்கில் வராது. (கூரை கொஞ்சம் கூம்பாக இருக்கும், அந்த வித்தியாசம் ரொம்பச் சின்னது.) அதே தொட்டிக்கு உள்ளே பூச்சு என்றால், கச்சா எண்ணெயிலிருந்து பிரியும் தண்ணீர் அடியில்தான் தேங்கும், அரிப்பும் அங்கேதான் ஆரம்பிக்கும், அதனால் பல இடங்களில் அடித்தகடும் சுவரில் கீழ் ஒரு மீட்டரும் மட்டும் பூசச் சொல்வார்கள், அது 314ம் 63ம், மொத்தம் 377. அட்டையில் இருக்கும் சூத்திரத்தைப் போட்டால் 1,382 வரும். நான் சொன்ன இரண்டு வேலையில் எதற்கும் அந்த எண் உதவாது. தொட்டி ஒன்றுதான், சூத்திரமும் ஒன்றுதான், ஆனால் வேலைக்குத் தகுந்த மாதிரி விடை மாறுகிறது. என் பேத்தியின் தேர்வுத் தாளில் இருந்த பாத்திரமும் இதே கேள்வியைத்தான் அவளிடம் கேட்டது.

தேர்வில் வரும் மற்ற வகைகளும் இப்படித்தான். இரண்டு பக்கமும் திறந்த குழாய் என்றால் லேபிள் மட்டும். கனமான சுவருள்ள குழாய் என்றால் வெளி லேபிள், உள் லேபிள், இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம். ஒரு உருளையின் மேல் இன்னொன்றை ஒட்டினால் ஒட்டிய இடம் மறைந்துவிடும். சுவரில் பெயிண்ட் ரோலர் உருட்டும் கணக்கும் அடிக்கடி வரும், ரோலர் ஒரு சுற்றுச் சுற்றினால் சுவரில் விழுவது அதன் லேபிள் அளவு பெயிண்ட், மூடிக்கு அங்கே வேலையே இல்லை. எதற்கும் தனிச் சூத்திரம் தேவையில்லை, எது தெரிகிறது, எது மறைகிறது என்று விரலால் தடவிப் பார்த்தால் போதும். விட்டத்தைக் கொடுத்துவிட்டு ஆரம் கேட்பதும், மீட்டரையும் சென்டிமீட்டரையும் கலந்து கொடுப்பதும் இன்னொரு தொல்லை, ஒரு சதுர மீட்டர் 10,000 சதுர சென்டிமீட்டர் என்பதைப் பிள்ளைகள் 100 என்றே போடுகிறார்கள். அதற்கும் தரையில் ஒரு மீட்டர் சதுரம் சாக்கால் வரைந்து காட்டுவதே வழி.

பேத்திக்கு இதெல்லாம் புரிந்ததும் விடவில்லை, "பால் டின் ஏன் இந்த அளவில் இருக்கு, மெலிசா உயரமா வச்சா என்ன?" என்று கேட்டாள். உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். இந்த டின் சுமார் 322 மில்லிலிட்டர் பிடிக்கும், தகரம் 261 சதுர செ.மீ. அதே கொள்ளளவை 2.5 செ.மீ. ஆரத்தில் உயரமாகச் செய்தால் உயரம் 16.4, தகரம் 297. 5.5 செ.மீ. ஆரத்தில் தட்டையாகச் செய்தால் உயரம் 3.4, தகரம் 307. இரண்டு பக்கம் போனாலும் தகரம் கூடுகிறது. உயரமும் விட்டமும் சமமாக இருக்கும்போதுதான் தகரம் ஆகக் குறைவு, நம் பால் டின்னைப் பாருங்கள், 7.7ம் 7.3ம், கிட்டத்தட்ட சமம். டின் செய்கிறவர்கள் வட்டம் வெட்டும்போது வீணாகும் தகரத்தையும், அடுக்குவதையும், கையில் பிடிப்பதையும் பார்ப்பார்கள், அதனால் எல்லா டின்னும் இப்படி இருக்காது. ஆனாலும் நாற்பது வருடமாகக் காப்பிக் கடையில் நான் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த டின் இவ்வளவு சிக்கனமானது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். டின்னுக்குள் சரியாக உட்காரும் ஒரு ஆரஞ்சுப் பழம், விட்டம் அதே 7.3. அதன் தோலின் பரப்பு, டின்னின் சுவரில் பழத்தின் உயரத்துக்கு மட்டும் எடுத்த பட்டைக்குச் சமம், 23ஐ 7.3ஆல் பெருக்கினால் 168. நம் மூடியின் அளவில் நான்கு மூடி. இதைக் கண்டுபிடித்தவர் ஆர்க்கிமிடீஸ். தன் கண்டுபிடிப்புகளிலேயே இதைத்தான் பெரிதாக நினைத்துத் தன் கல்லறையில் உருளைக்குள் கோளம் இருக்கிற மாதிரி வைக்கச் சொன்னார், அவர் இறந்து 137 வருடம் கழித்து, கிமு 75ல், ரோமானிய அதிகாரி சிசரோ சிராக்கூஸ் ஊரில் முட்புதருக்குள் அந்தக் கல்லறையை இந்த உருவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார். சீனப் புத்தாண்டுக்கு வாங்கும் மாண்டரின் பழத்தை உரித்து, அதே அளவில் நான்கு வட்டம் வரைந்து தோலைத் துண்டு துண்டாக நிரப்பிப் பாருங்கள், நிரம்பும். தோலை விரிக்க முடியாது என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால்தான் துண்டு துண்டாக.

இந்தக் கடிதத்தை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பள்ளியில் கணக்கு ஆங்கிலத்தில்தான், அதை நான் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் என் மகனும் மருமகளும் முதலில், "தமிழில் சொன்னால் அவள் குழம்பிடுவாப்பா" என்று என்னைத் தடுத்தார்கள். எங்கள் வயதுத் தாத்தா பாட்டிகள் பலருக்கு இதே பதில்தான் கிடைக்கிறது, அதைக் கேட்டுவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் தொடாமலே ஒதுங்கிவிடுகிறார்கள். பேத்தி குழம்பவில்லை. சுற்று, உயரம், மூடி, அடி, பட்டை, இவ்வளவுதான் நான் பயன்படுத்திய சொற்கள், எல்லாம் அவள் வீட்டில் கேட்டுப் பழகிய சொற்கள். வளைபரப்பு, புறப்பரப்பு என்ற சொற்களைக் கடைசியில்தான் சொன்னேன், கேட்டதுமே புரிந்துகொண்டாள், வளைந்த பரப்பு வளைபரப்பு, புறத்தே தெரியும் பரப்பு புறப்பரப்பு, சொல்லிலேயே பொருள் இருக்கிறதே. அவள் அதைப் பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. தையல் வேலை செய்த பாட்டிக்குக் கைச் சட்டையின் கை ஒரு உருளை என்று தெரியும், சமையல் வேலை பார்த்த தாத்தாவுக்குப் பானையின் வாய் தெரியும், ஏர்கான் குழாய்க்கு உறை சுற்றுகிற நம் ஊழியர்கள் தினமும் இந்தக் கணக்கைத்தான் கையால் போடுகிறார்கள். அவர்களைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார விடுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். துணைப்பாடம் நடத்துகிறவர்களையும் கேட்கிறேன், அட்டை கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரு டின்னைக் கொடுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் பக்கத்தில் ஒரு நாள் 23 செ.மீ. நீளமும் 11.35 செ.மீ. அகலமும் உள்ள ஒரு செவ்வகத்தை அச்சிட்டுக் கொடுங்கள். 7.7 செ.மீ.யில் குறுக்கே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே இருக்கும் பட்டையில் ரம்பப் பல் வரிசை, அவ்வளவுதான். பிள்ளைகள் அதை வெட்டி, கீழ்ப் பாகத்தைப் பால் டின்னைச் சுற்றி ஒட்டட்டும், பற்களைப் பிரித்து அடுக்கி மேலேயும் கீழேயும் ஒட்டட்டும். அளவு சரியாக இருக்கும், நானும் பேத்தியும் ஒட்டிப் பார்த்துவிட்டோம். அச்சில் அளவு சுருங்கிவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெயிண்டிங் சூப்பர்வைசர்,
ஈசூன்.